மயிலை ஏன் அடங்கவில்லை

ஆழ்வார்குறிச்சி,
1911 ஆகஸ்டு 6

கிறிஸ்துவுக்குள் பிரியமான அண்ணன் பாக்கியசீலன் அவர்களுக்குத் தங்கை ஹெப்சிபா அன்போடு எழுதிக்கொண்டது.

தேவ கிருபையால் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவின் இருமல் விட்டுவிட்டது. கடனா நதியில் புதுத்தண்ணீர் வந்து மடையெல்லாம் நிரம்பி ஓடுகிறது. உங்கள் சுகத்தையும், சென்னை விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்பதையும் தவறாமல் எழுதுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்போது எழுத வந்த காரியம் முத்துமாலை அண்ணாச்சியின் மயிலைக் காளையைப் பற்றியது. சித்திரை விடுமுறையில் அதற்கு நடந்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். காயடிக்கும் கருத்தையா மாட்டைச் சாய்த்துக் கட்டினார். கையால் தடவிப் பார்த்தார். பிறகு, விதையின் நரம்பை நசுக்குகிற மூங்கில் கிட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். “ஒண்ணுதான் கைக்கு வருது. மத்தது உள்ள கெடக்கு. ஒத்தைக்கு நான் கிட்டி வைக்க மாட்டேன். வச்சா இந்த மாடு அடங்காது வே” என்று சொல்லிவிட்டு நடந்தார். எல்லோரும் உங்களைத்தான் பார்த்தார்கள். நீங்கள் கல்லூரிக் கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்து, அரை மணி நேரத்தில் தையலும் போட்டு, “ரெண்டையும் எடுத்தாச்சு” என்றீர்கள். அப்பா அன்று மாலை ஜெபத்தில் உங்கள் கைகளுக்காக நன்றி சொன்னார்.

ஆனால் மயிலை அடங்கவில்லை. திமில் முன்னைவிட உயர்ந்திருக்கிறது. கழுத்து தடித்து மடிப்பு விழுந்திருக்கிறது. கொம்பால் வரப்பைக் குத்தி மண்ணை வாரி இறைக்கிறது. மேய்ச்சலில் பசுக்களை விரட்டுகிறது.

எனக்கு மூன்று கேள்விகள். விதை இருப்பது பின்னால், திமில் இருப்பது முன்னால். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? விதை சொல்வது திமிலுக்கு எந்த வழியாகப் போகிறது? இரண்டையும் எடுத்த பிறகு யார் சொல்லித் திமில் வளர்கிறது?

இதை எழுதும்போது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, பொம்பளப் பிள்ளை எழுதுத காயிதமா இது?” என்றாள். மாட்டு வைத்தியம் படிக்கிறவருக்கு மாட்டைப் பற்றி எழுதாமல் மல்லிகைப் பூவைப் பற்றியா எழுதுவது என்று கேட்டேன். அப்பா சிரித்தார். ஆகையால் முழுவதும் எழுதிவிட்டேன்.

பதிலை ஆவலோடு எதிர்பார்க்கும் தங்கை,
ஹெப்சிபா


சென்னை,
1911 ஆகஸ்டு 20

அன்புத் தங்கை ஹெப்சிக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

நான் சுகம். சோறு குழைகிறது, குழம்பில் புளி இல்லை, ஆனாலும் இரண்டு ராத்தல் எடை கூடியிருக்கிறேன். எண்ணெய் வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

உன் கேள்விகளை என் அறைத் தோழன் சங்கரசுப்பிரமணியனிடம் வாசித்துக் காட்டினேன். “ஏலே, உன் தங்கச்சியை இங்க அனுப்பு, நீ ஊருக்குப் போ” என்றான். அவனும் நம் பக்கத்துக்காரன்தான், கல்லிடைக்குறிச்சி.

கேள். விதைக்கு வேலை இரண்டு. வம்சம் தழைக்க வித்து உண்டாக்குவது ஒன்று. அது நூல்போல மெல்லிய குழாய்களுக்குள் நடக்கிறது. அந்தக் குழாய்களுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் வேறு வகையான நுண்ணறைகள் கும்பல் கும்பலாக இருக்கின்றன. கல்லூரி மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். அவை ஒரு சாற்றைச் சுரந்து நேரே இரத்தத்தில் விடுகின்றன என்று இப்போது சொல்கிறார்கள். அந்தச் சாற்றுக்குத் தனியாக வாய்க்கால் கிடையாது. இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். கழுத்து தடிப்பதும் திமில் எழுவதும் குரல் கனப்பதும் அதனால்தான். இப்படிப்பட்ட சாறுகளுக்கு ஹார்மோன் என்று ஆறு வருடங்களுக்கு முன் சீமையில் பெயர் வைத்தார்கள்.

அது நரம்பு வழியாகப் போகவில்லை என்பதற்குச் சாட்சி உண்டு. அறுபது வருடங்களுக்கு முன் ஜெர்மன் தேசத்தில் ஒருவர் சேவல்களின் விதையை அறுத்தெடுத்து, அதையே வயிற்றுக்குள் வேறோரிடத்தில் வைத்துத் தைத்தார். நரம்பெல்லாம் அறுந்துதானே போயிருக்கும்? ஆனாலும் அந்தச் சேவல்களின் கொண்டை வாடவில்லை. அவை கூவின, சண்டை போட்டன. விதை எடுத்ததோடு விடப்பட்டவற்றுக்குக் கொண்டை வெளுத்துச் சுருங்கியது.

மயிலைக்கு இரத்தத்தில் பழைய சாறு மிச்சம் இருக்கும். பொறுத்துக்கொள்ளச் சொல். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

அண்ணன்,
பாக்கியசீலன்


ஆழ்வார்குறிச்சி,
1911 செப்டம்பர் 3

என் அருமை அண்ணனுக்கு, ஹெப்சிபா வணக்கத்தோடு வரைவது. நாங்கள் சுகம். உங்களுக்கு இரண்டு ராத்தல் கூடியதைக் கேட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். வாய்க்கால் இல்லாமலே ஊர் முழுக்கப் பாயும் தண்ணீர்! அந்த இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் அண்ணா, பழைய சாறு மிச்சமிருக்கும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கிறிஸ்துமசுக்கென்று அம்மா வளர்க்கும் இரண்டு சேவல்களில் ஒன்றை ஜூலை பத்தாம் தேதி கருத்தையா விலாவில் கீறிக் காயடித்தார். மற்றது முழுச் சேவல். நான் ஓலை நறுக்கால் வாரா வாரம் இரண்டின் கொண்டையையும் அளக்கிறேன். காயடித்ததன் கொண்டை மூன்றாவது வாரமே வெளுக்கத் தொடங்கியது. இப்போது பாதியாகச் சுருங்கிவிட்டது. அது கூவுவதை விட்டு, குஞ்சுகளோடு படுக்கிறது. சேவலின் சாறு மூன்று வாரத்தில் வற்றினால், மயிலையின் சாறு நாலரை மாதமாகியும் ஏன் வற்றவில்லை? வற்றுவது போகட்டும், கூடிக்கொண்டல்லவா வருகிறது?

இனி வருத்தமான செய்தி. வியாழக்கிழமை மயிலை முத்துமாலை அண்ணாச்சியின் தொடையில் குத்திக் கிழித்துவிட்டது. அம்பாசமுத்திரத்துக்கு வண்டியில் கொண்டுபோய் ஏழு தையல் போட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி திரும்பியிருக்கிறது. கருத்தையா அன்று “இந்த மாடு அடங்காது” என்று சொன்னாரே, அது சாபமாம். தன் கிட்டியை விட்டுவிட்டு உங்கள் கத்தியை நம்பிய கோபத்தில் செய்வினை வைத்துவிட்டாராம். “படிச்ச புள்ள ரெண்டையும் எடுத்த பெறவும் மாடு காளையா நிக்குன்னா, வேற என்னவாம்?” என்கிறார்கள். வியாழக்கிழமையிலிருந்து அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஆகையால் என் முந்தைய மூன்றாவது கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறேன். அன்று நீங்கள் எடுத்தது எத்தனை?

உங்கள் நலம் நாடும்,
ஹெப்சிபா


சென்னை,
1911 செப்டம்பர் 24

தங்கைக்கு, அண்ணன் சுகம். அனைவர் சுகத்துக்கும் எழுது.

பரீட்சை நெருங்குகிறது. மூன்று வாரம் எழுத முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். முத்துமாலைக்கு அடிபட்டது வருத்தம்.

உனக்குப் பிடித்த சங்கதி ஒன்று சொல்கிறேன். மூளைக்கு அடியில் மொச்சைப் பயறளவில் ஒரு முடிச்சு தொங்குகிறது. அதை நாய்களிடமிருந்து எடுத்துப் பார்த்ததில் அவற்றின் விதையும் சுருங்கியதாகப் போன வருடம் அமெரிக்காவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் திமிலை ஏவுகிற விதையையும் ஏவ மேலே ஒருவன் இருக்கிறான் போலும்.

கருத்தையா வீட்டுப் பக்கம் நீ போகவேண்டாம். அவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான். பாடத்தில் கவனம் வை.

பா. சீலன்


ஆழ்வார்குறிச்சி,
1911 அக்டோபர் 1

அன்புள்ள அண்ணனுக்கு ஹெப்சிபாவின் வணக்கம். அப்பா, அம்மா, இரண்டு சேவல்கள், எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் இவ்வளவு குட்டையாக வந்ததே இல்லை என்று அம்மா கவலைப்படுகிறாள்.

ஏவுகிறவனை ஏவுகிறவன் என்பது அதிசயமாக இருக்கிறது. ஆனால் நான் கேட்டது மொச்சைப் பயறைப் பற்றி அல்ல.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் கருத்தையா வீட்டுக்குப் போய்விட்டேன். ஆகவே சொல் மீறியவள் ஆகமாட்டேன். அவர் மனைவி செல்லக்கிளி அக்கா உரலில் கேப்பை இடித்துக்கொண்டிருந்தாள்.

“வாத்தியாரு மவளா? எங்க வீட்டுக்கு வந்தா ஒங்கம்மை ஏசுவாவளே.”

“ஏசட்டும் அக்கா. மயிலையைப் பத்திக் கேக்கணும்.”

“மாட்டைப் பத்தியா? நல்ல பிள்ளைதான் போ! பூவு, வளையல்னு கேக்க வயசுல...” என்று சிரித்தவள், உலக்கையைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள். “அன்னைக்கு முத்துமாலை தொழுவத்தைக் கூட்டித் தெளிச்சது நாந்தான். ஒங்க அண்ணன் அறுத்துப் போட்டதை மண்ணுல பொதைச்சதும் நாந்தான்.”

எத்தனை என்று கேட்டேன். ஓர் எண்ணைச் சொன்னாள்.

“ஊருல சொல்லலையா அக்கா?”

“ஆரு கேப்பா? புருசனுக்காவப் பொய் சொல்லுதாம்பாவ. நீ போயி ஒங்க அண்ணன்ட்ட கேளு. அவரு சொன்னா நிக்கும்.”

அந்த எண்ணை நான் இங்கே எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

கருத்தையா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு சங்கதி தெரிந்துகொண்டேன். மயிலை பசுக்களோடு சேர்ந்து இரண்டு மாதமாகியும் ஒன்றுகூடச் சினை நிற்கவில்லையாம். “உள்ள கெடக்க காய்க்குக் காளைக் கொணம் உண்டு, வித்துக் கெடையாது. எங்கப்பன் காலத்துலயே தெரியும்” என்றார். நீங்கள் எழுதிய இரண்டு வேலையும் அங்கே தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறதல்லவா? இன்னொன்று, மார்கழிக் குளிரில் விதைப்பை மேலே ஏறிக்கொள்ளுமாம், சித்திரை வெயிலில் மெல்ல இறங்கித் தொங்குமாம். வித்து உண்டாகிற இடத்துக்கு வயிற்றின் சூடு ஆகாதோ? அதற்காகத்தான் வெளியே தொங்கவிட்டிருக்கிறதோ? இது என் ஊகந்தான். உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஊரில் தீர்மானம் செய்துவிட்டார்கள். ஐப்பசிக் கடைசி வெள்ளி, நவம்பர் பத்தாம் தேதி, சுடலைமாடன் கோயில் முன் கருத்தையா சூடத்தை அணைத்து, தான் செய்வினை வைக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். அவர் சத்தியம் செய்ய மறுக்கிறார். “என் கையி சொன்னதைச் சொன்னேன். அதுக்கு எதுக்கு வே சாமியைக் கூப்பிடணும்?” என்கிறார். அவருக்கு வேறு ஊரும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

இன்னும் ஆறு வாரம்கூட இல்லை. உடனே எழுதுங்கள்.

ஹெப்சிபா


ஆழ்வார்குறிச்சி,
1911 அக்டோபர் 22

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் ஞானையா என்னைக் கண்டாலே தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறார்.

பிசான நெல் நடவுக்கு உழவு தொடங்கிவிட்டது. முத்துமாலை அண்ணாச்சி நொண்டிக்கொண்டே ஒற்றை மாட்டோடு நிற்கிறார். செல்லக்கிளி அக்கா சட்டிபானைகளைக் கட்டிவைத்துவிட்டாள்.

நீங்கள் எழுத மாட்டீர்கள்போல் இருப்பதால் நானே எழுதுகிறேன். நீங்கள் எடுத்தது ஒன்று. இரண்டாவதைத் தேடினீர்கள், கிடைக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு என்று சொல்லிவிட்டீர்கள். உள்ளே இருப்பது வித்தை விட்டுவிட்டு, சாற்றை மட்டும் சுரந்துகொண்டிருக்கிறது. என் கணக்கு தப்பென்றால் எழுதுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்.

தப்பில்லை என்றால், அதை ஊருக்கு எழுதுங்கள். அப்பாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் தங்கை


சென்னை,
1911 அக்டோபர் 29

என் ஹெப்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

உன் கணக்கு சரி.

கருத்தையா எழுந்து போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்காதவருடைய மூடப்பழக்கம் என்று நினைத்தேன். வலப்புறம் கீறினேன், எடுத்தேன். இடப்புறம் பை வெறுமையாக இருந்தது. விரலை விட்டுத் தேடினேன். இரத்தம் வந்துகொண்டே இருந்தது. மாடு முனகிற்று. நிமிர்ந்து பார்த்தால் அப்பா நின்றிருந்தார். அப்படி ஒரு பெருமையை அவர் முகத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகு, இல்லாத ஒன்றை எப்படி எடுப்பது, இவனுக்குப் பிறவியிலேயே ஒன்றுதான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உன் முதல் கடிதத்தில் திமிலைப் பற்றி வாசித்த அன்றே அந்தச் சமாதானம் போய்விட்டது. பழைய சாறு என்று நான் எழுதியது, எழுதும்போதே பொய் என்று தெரிந்து எழுதியது.

பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. முதல் வருட மாணவன் தனியாகக் கத்தி தொடக்கூடாது. அந்தக் கத்தியும் கேளாமல் எடுத்து வந்தது. தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அங்கே ஒருவர் பானை சட்டியைக் கட்டுகிறார் என்று நீ எழுதிய பிறகு மூடமுடியவில்லை. நேற்றுக் காலை முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை மேசைமேல் வைத்தேன். முடிவு ஒரு வாரம் கழித்துச் சொல்வாராம்.

உன் சூட்டு ஊகத்தை ஆசிரியரிடம் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தார். “உள்ளே தங்கியதன் குழாய்கள் ஏன் வாடுகின்றன என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இதைச் சோதித்துப் பார்க்கலாமே. கேட்டது யார்?” என்றார். ஆழ்வார்குறிச்சியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் என்றேன். கருத்தையா பார்த்துச் சொன்னதிலிருந்து வந்த ஊகம் என்பதையும் சொன்னேன்.

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். ஊர்முன் வாசிக்க எழுதியது. அதற்குமுன் அப்பாவிடம் காட்டு. என்னால் நேரே அவருக்கு எழுத முடியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

பாக்கியசீலன்


ஆழ்வார்குறிச்சி,
1911 நவம்பர் 12

என் பிரிய அண்ணனுக்கு ஹெப்சிபா எழுதும் மடல். எல்லோரும் சுகம், அப்பாவும்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தனித்தாளை அப்பாவிடம் கொடுத்தேன். வாசித்தார். மடித்தார். மறுபடி விரித்து வாசித்தார்.  வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, “புறப்படு” என்றார். சுடலைமாடன் கோயில் முற்றத்துக்கு அப்பா போனது அதுதான் முதல் தடவை.

ஊரே கூடியிருந்தது. தட்டில் சூடம் எரிந்தது. கருத்தையா துண்டை இடுப்பில் கட்டி ஒரு பக்கமாக நின்றார். “அணைக்கீரா, போறீரா?” என்று யாரோ கேட்டபோது அப்பா, “பொறுங்க. எம் மகன் எழுதியிருக்கான்” என்று தாளை எடுத்தார்.

“நான் மயிலையிடமிருந்து எடுத்தது ஒன்றுதான்” என்பது வரை நன்றாக வாசித்தார். “இரண்டு என்று நான் சொன்னது” என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். தாளை என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன்: “இரண்டு என்று நான் சொன்னது பொய். கருத்தையா சொன்னதுதான் உண்மை. மாடு அடங்காததற்கு நான்தான் காரணம்.”

 பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாவ. இவன் மாட்டையும்லா கெடுத்துட்டான்!” எல்லோரும் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனியவில்லை அண்ணா. நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கண்ணுல படாம உள்ள கெடக்கது எப்படிம்மா இந்தப் பாடு படுத்தும்?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நான் பயப்படாமல் சொன்னேன். “ஒரே வீட்டுல ரெண்டு பேரு வேலை செய்யுதாவ தாத்தா. ஒருத்தர் வித்துச் செய்யுதவரு. அவருக்கு உள்ள இருந்தா ஆகாது, படுத்துட்டாரு. மத்தவரு திமிலுக்கும் கழுத்துக்கும் இரத்தத்துல சேதி அனுப்புதவரு. அவரு உள்ள இருந்துக்கிட்டே அனுப்பிக்கிட்டு இருக்காரு.”

“அதான் ஒரு பசுகூடச் சினை நிக்கலையோ!” என்றார் முத்துமாலை அண்ணாச்சி. கம்பை ஊன்றிக் கருத்தையா பக்கம் போனார். “வே, அடங்காதுன்னு நீரு சொன்னதை நான் சாபம்னுலா எடுத்துட்டேன்.”

“வானம் கறுத்திருக்கு, மழை வரும்னு சொன்னேன்” என்றார் கருத்தையா. “நனைஞ்சவன் எம்மேல வழக்குப் போட்டா நான் என்ன செய்ய?”

சூடம் யாரும் அணைக்காமலே தானாக எரிந்து தீர்ந்தது. செல்லக்கிளி அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, “கட்டின சட்டியை எல்லாம் இனி ஆரு அவுக்க?” என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான்தான் பாதி முடிச்சை அவிழ்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சொன்னார்: “அவனுக்கு எழுது. ரெண்டு தடவை கிழிச்சதை மூணாந்தடவை எழுதட்டும். நான் வாசிப்பேன்.”

ஹெப்சிபா


சென்னை,
1911 நவம்பர் 26

ஆழ்வார்குறிச்சி கருத்தையா அண்ணாச்சி அவர்களுக்கு, சத்தியநேசன் வாத்தியார் மகன் பாக்கியசீலன் வணக்கத்தோடு எழுதுவது. என் தங்கை இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

உங்களுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும் சுகம் உண்டாவதாக.

இரண்டரை மாதம் உங்கள் வேலை போனதற்கும், பெயர் கெட்டதற்கும் நான் காரணம். ஊர்முன் சொன்னது போதாது, உங்களிடம் தனியாகவும் சொல்ல வேண்டும். என்னை மன்னியுங்கள்.

கல்லூரியில் என் பெயரை அடிக்கவில்லை. இந்த வருடம் முழுவதும் அறுவை அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று தண்டனை. அதோடு, கெடுத்ததைச் சரிசெய்துவிட்டு வா என்று உத்தரவு. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ஜில்லா மாட்டு டாக்டரோடு வருகிறேன். கத்தி அவர் கையில் இருக்கும். உள்ளே கிடப்பது எங்கே என்று தெரியாமல் கீற அவருக்கு விருப்பமில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் ஒருவர் உண்டு என்று நான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வருவீர்களா?

பணிவுடன்,
பாக்கியசீலன்


ஆழ்வார்குறிச்சி,
1911 டிசம்பர் 5

வாத்தியார் மகன் பாக்கியசீலன் தம்பிக்குக் கருத்தையா சொல்லி, ஹெப்சிபா ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுவது.

இங்க நானும் செல்லக்கிளியும் நல்லா இருக்கோம். நீரு நல்லா இருக்கீரா?

ஒம்ம காயிதத்தை ஒம்ம தங்கச்சி ரெண்டு தடவை வாசிச்சா. அண்ணாச்சின்னு போட்டிருக்கீரு. எழுத்துல என்னைய அப்படிக் கூப்பிட்டது நீருதான் மொதல்ல. எனக்கு வந்த காயிதமும் இதுதான் மொதல்ல. செல்லக்கிளி அதை அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கா.

வேலைக்குக் கொறைவில்ல. போன வாரம் மட்டும் அஞ்சு காளை. ஒவ்வொருத்தனும், “அண்ணாச்சி, ரெண்டும் இருக்கான்னு நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்லும்”னு கேக்கான். ஒம்மால எனக்கு அந்த மட்டுக்கு மரியாதை.

நேத்து நானும் முத்துமாலையும் இன்னும் ஆறு பேருமாச் சேந்து மயிலையைச் சாய்ச்சோம். எடது தொடைச் சந்துல, தோலுக்கு அடியில, கோழி முட்டைக்குக் கொஞ்சம் சிறிசா ஒண்ணு வழுக்கிச்சு. அமுக்கினா ஓடுது, விட்டா வருது. நீரு வயித்துப் பக்கமாத் தேடியிருக்கீரு. அது வயித்துக்கு வெளியதான் ஒளிஞ்சு கெடந்துருக்கு. கரியால கோடு போட்டு வச்சிருக்கேன். அழிஞ்சாலும் என் கை மறக்காது.

டாக்டரைக் கூட்டிக்கிட்டு வாரும். ஆனா மொதல்லயே பேசிக்கிடுவோம். தொட்டுக் காட்டுதது நான். வெட்டுதது டாக்டரு. பின்னங்காலைப் பிடிக்கது நீரு.

மயிலை பலமா உதைக்கும். நல்லாச் சாப்பிட்டுட்டு வாரும்.

கருத்தையா
பெருவிரல் ரேகை